செத்ததாக நான் எழுதிய புல்

1. கோடு

ஆறாம் நம்பர் லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேட்டில், ஒரு ஜூன் மாதக் காலையில் கோடு விழுந்திருந்தது. உச்சியிலிருந்து அடிவரை நூல் பிடித்தது போல நேரான கோடு. அதற்கு இடப்பக்கம் மானாப்புல் மஞ்சளாக இருந்தது. வலப்பக்கம் அதே மானாப்புல் பச்சைப்பசேலென்று இருந்தது. முந்தின வாரம் நான் போனபோது மேடு முழுவதும் ஒரே பச்சைதான்.

அப்போது நான் இலங்கையில், பசறைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெளிக்கள உத்தியோகத்தர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். கொழுந்து, கவ்வாத்து, உரம், மருந்தடி என்று எதைப் பற்றியும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நினைப்பு உச்சியில் இருந்த காலம். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாகத் தோட்டத்துக்கு வரும் பிள்ளைகள் என்னைவிடக் கொஞ்சம் குறைந்த திமிரோடு வரட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அந்த லயம் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பதினொரு காம்பரா, பதினொரு குடும்பம். இரண்டு வருஷத்துக்கு முந்தின மழையில் பின்மேட்டு மண் சரிந்து இரண்டு காம்பராக்களின் அடுப்படியை மூடிவிட்டது. ஆட்கள் வேலைக்குப் போயிருந்த நேரம், அதனால் தப்பித்தார்கள். மேட்டைப் படிபடியாக வெட்டி நெருக்கமாக மானாப்புல் நடுங்கள், அதன் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று பார்வையிட வந்தவர்கள் சொன்னார்கள். நடுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பாதி மேட்டுக்கு, தோட்டத்துக்கு மேலே கிடக்கும் பத்தனை என்கிற புல்வெளியில் தானாக வளர்ந்த புல்லைத் தோண்டி எடுத்து நட்டோம். அதற்குள் கொழுந்து மும்முரம் வந்துவிட்டது. பத்தனைக்கு அனுப்ப ஆளில்லை. அப்புத்தளை மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் என் சிநேகிதர் ஒருவர் வேலை செய்தார். அங்கே காட்டோரத்தில் வேண்டிய மட்டும் மானா இருக்கிறது, லொறி அனுப்பினால் தோண்டியே ஏற்றிவிடுகிறேன் என்றார். அனுப்பினேன். மீதிப் பாதியை அதைக்கொண்டு நிரப்பினோம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. அதே இலை, கசக்கினால் அதே வாசம். மானா என்றால் மானாதானே? எந்தப் புல் எங்கிருந்து வந்தது என்று நான் எந்தப் புத்தகத்திலும் குறிக்கவில்லை.

2. முனி கேட்கிறார்

ஊவா மலைக்கு ஜூனில் கச்சான் காற்று வரும். முகட்டுக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஈரமெல்லாம் தீர்ந்த வெறும் காற்றாக நம் பக்கம் இறங்கும். செப்டம்பர் வரை அடிக்கும். உதடு வெடிக்கும், கிணறு வற்றும். அதற்காகவே மேட்டுக்கு ஹோஸ் போட்டிருந்தேன். காலையும் மாலையும் இரண்டு பாதிக்கும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினோம். தண்ணீர் குடித்துக்கொண்டே ஒரு பாதி செத்துக்கொண்டிருந்தது. அதுதான் எல்லாரையும் பயமுறுத்தியது.

ஜூலை நடுவில் மஞ்சள் பாதி வைக்கோலாகி, மண்ணோடு மண்ணாகப் படுத்துவிட்டது. உச்சிப்பொழுதில் அங்கே நிற்க எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. காற்று அடித்தால் மேடு இரண்டு குரலில் பேசியது. பச்சைப் பாதி உஸ்ஸென்று அசையும். காய்ந்த பாதியில் யாரோ காலை இழுத்து இழுத்து நடப்பது போலச் சத்தம் வரும். காற்று நின்ற பிறகும் அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது என்று லயத்துப் பிள்ளைகள் சொன்னார்கள். நான் அதட்டினேன். ஆனால் எனக்கும் கேட்டது.

ஏழாம் காம்பராவில் சுப்பையா என்று ஒருவர். கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர், வாயும் நீளம். பத்தனையில் முனியப்பன் கல் ஒன்று உண்டு. அதற்குப் பக்கத்தில்தான் நாங்கள் புல் தோண்டினோம்.

“முனி எடத்துல கை வச்சோம்ல ஐயா, அதான் தன்னோட புல்ல திருப்பிக் கேக்குறாரு” என்றார் சுப்பையா. “லொறியில வந்தது அவரோடது இல்ல. அதனால அது பச்சையா நிக்குது. கணக்கு சரியா இருக்கா இல்லையா?”

நான் சிரித்தேன். எனக்கு வேறு கணக்கு இருந்தது. மிச்சப் புல்லில் இரண்டு வகையிலும் வேரோடு எட்டெட்டுக் கட்டையை நர்சரியில் பொலித்தீன் பையில் வைத்திருந்தேன். நிழல் வலைக்குக் கீழே, காற்றுப் படாத மூலை. இரண்டு நேரத் தண்ணீரையும் நானே ஊற்றினேன். அங்கேயும் பத்தனைப் பைகள் எட்டும் ஒரே வாரத்தில் மஞ்சளாயின. லொறிப் பைகள் எட்டும் பச்சையாக நின்றன. வெயில் இல்லை, கச்சான் இல்லை, தண்ணீருக்குக் குறைவில்லை. அப்புறம் எதற்குச் சாகிறது? வேரில் நோய் என்று முடிவு கட்டினேன். பத்தனையிலிருந்து நோயைத் தோண்டிக்கொண்டு வந்துவிட்டோம், அது பச்சைப் பாதிக்கும் தொற்றுவதற்குள் பிடுங்கி எறிய வேண்டும்.

மாரியாயியிடம் வாயைக் கொடுத்தது அப்போதுதான். அவள் முதல் காம்பராவில் இருந்தாள். நாற்பது வயது இருக்கும், கொழுந்து பறிக்கிறவள். பத்தனை வழியாகத்தான் விறகுக்குப் போய் வருவாள்.

“ஐயா, அது சாகல. படுத்துருக்கு. கச்சான் ஏறுனா மேலயும் அப்படித்தான் படுத்துக்கிரும். மழைக்கு முன்ன எந்திரிச்சிரும்.”

“மேல தண்ணி இல்ல, அதனால காயுது. இங்க நான் ஹோஸ் போட்டு ஊத்துறேன். இதுக்கு என்ன கேடு?”

“அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா சாகல.”

“நீ எனக்குப் புல்லு படிச்சுக் குடுக்குறியா?” என்றேன். அவள் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மேட்டைப் போட்டோ எடுத்துத் தோட்ட மானேஜரான தொரைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கீழே, ‘இடப்பக்கம் வேர்நோயால் செத்துவிட்டது. அகற்ற அனுமதி வேண்டும்’ என்று எழுதினேன். குரல் பதிவு வந்தது. “செத்தத பிடுங்கிட்டு முழுசும் பச்சையவே போடுங்க. ரொம்ப யோசிக்காதீங்க.” நான் யோசிக்கவே இல்லை.

3. வேர்

ஆகஸ்டில் பிடுங்கினோம். பத்துப் பெண்கள், நாலு ஆண்கள். வைக்கோலாகக் கிடந்ததைக் கையால் இழுத்தால் வந்துவிடும் என்று நினைத்தோம். வரவில்லை. மம்பட்டி போட்டு நெம்ப வேண்டியிருந்தது. முதல் கட்டை பெயர்ந்து வந்ததும் மானா வாசம் குப்பென்று ஏறியது. மேலே ஒரு பச்சை இலை கூட இல்லை. கீழே வேர் வெள்ளை வெளேரென்று, முழங்கை நீளத்துக்கு, ஈரமாக இருந்தது. அறுபட்ட இடத்தில் நீர் துளிர்த்தது.

பெண்கள் நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி கையை முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். உயிரோடு இருப்பதைத் தோண்டிக்கொண்டிருக்கிறோம் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது. நோய்பிடித்த வேர் எப்படி இருக்கும் என்று தெரியாதவனா நான்? ஆனால் தொரைக்கு எழுதியாகிவிட்டது, ஆட்களுக்கு அன்றைய வேலைக்குப் பெயரும் போட்டாகிவிட்டது. “என்ன வேடிக்கை? இழுங்க” என்றேன்.

இழுத்தார்கள். முதல் காம்பராவுக்குப் பின்னால் வந்தபோது மாரியாயி புல்லின்மேல் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தாள்.

“என் காம்பராவுக்கும் பக்கத்துக் காம்பராவுக்கும் பின்னாடி கை வைக்காதீங்க ஐயா. பேர் வெட்டுனாலும் சரி.”

பேர் வெட்டுவது என்றால் அன்றைய சம்பளம் இல்லை. ஆட்கள் முன்னால் அவளோடு மல்லுக்கு நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. “கெடக்கட்டும் சனியன்” என்று விட்டுவிட்டேன். அந்தத் துண்டைத் தவிர மற்ற இடமெல்லாம் லொறிப் புல் நட்டு, ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேடு பச்சையானது. அதில் வைக்கோல் நிறத்தில் ஒரு துண்டு மட்டும், போர்வைக்கு ஒட்டுப் போட்டது போல இருந்தது. போகிற வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

4. எழுந்தது

செப்டம்பர் கடைசியில் பச்சை மேடு கறுத்தது. மஞ்சளாகவில்லை, நேராகக் கறுத்தது. நுனியில் தொடங்கிப் பத்தே நாளில் அடிவரை இறங்கிவிட்டது. ஒரு கட்டையைப் பிடித்தேன், பூவைப் பறிப்பது போலக் கையோடு வந்தது. கீழே வேர் இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் தூள் இருந்தது. அடுத்ததைப் பிடித்தேன். அதுவும் வந்தது. மேடு நெடுக நடந்து பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுகூட மண்ணைப் பிடித்திருக்கவில்லை. மூன்று மாதமாக எங்களுக்குப் பச்சையைக் காட்டிக்கொண்டே உள்ளே இருந்ததையெல்லாம் செலவழித்து முடித்திருந்தது.

அந்த வாரமே மாரியாயி காத்த துண்டில் பச்சை முளைகள் ஊசி ஊசியாக எழும்பியிருந்தன. வானத்தில் ஒரு மேகம் கிடையாது, கச்சான் ஓயவில்லை. பத்தனையைப் பார்த்தேன். அங்கேயும் எழுந்திருந்தது.

நர்சரிக்கு ஓடினேன். பாதி ஓட்டம்தான், அந்த வயதில் அவ்வளவுதான் முடியும். நிழல் வலைக்குக் கீழே, வெளியே என்ன மாதம் என்று தெரிய வழியே இல்லாத மூலையில், எட்டுப் பத்தனைப் பைகளும் அதே உயரத்துக்கு முளை விட்டிருந்தன. ஒரு நாள் முன்பின் இல்லை. தனித்தனிப் பையில் அடைத்து வைத்தவை, மலையில் கிடப்பவற்றோடு பேசிவைத்துக்கொண்டது போல ஒன்றாகப் படுத்து ஒன்றாக எழுந்திருக்கின்றன. முனியை நினைத்துக்கொண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

என் மகள் சுமதி பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியை. அவளுக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்பா, லொறிப் புல்லு எங்க இருந்து வந்துச்சு?” என்றாள்.

“அப்புத்தளைக்கு அந்தப் பக்கம்.”

“அங்க ஜூன், ஜூலைல மழை. அங்க உள்ள புல்லு எதுக்குப் படுக்கணும்? வளர வேண்டிய நேரம் அதுதானே. நம்ம பக்கத்துல புல்லு அந்த நேரம் படுக்கலன்னா காத்து உறிஞ்சிரும், தண்ணி ஊத்தினாலும் பொழைக்காது.”

“ரெண்டும் ஒரே மானாதானேம்மா?”

“ஒரே இனந்தான். உள்ள இருக்கிறது வேற. பத்தனைல இப்பப் போய்ப் பாருங்க, படுக்காத கட்டை ஒன்னு ரெண்டு எப்பவும் இருக்கும்.”

“நான் தண்ணி ஊத்தினேனே. காத்தே படாம வச்சிருந்தேனே. அப்பவும் கச்சான் வந்தது அதுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?”

“அதுக்கு ஒன்னும் தெரியாதுப்பா. பகல் நீளம் மாதிரி ஏதோ ஒன்ன பார்த்து அது பாட்டுக்குப் படுக்குது. எத்தனையோ தலைமுறையா இந்த மலைல படுக்காததெல்லாம் செத்துப்போச்சு. படுத்தது மட்டும் வெதை போட்டுச்சு. நீங்க பையில வச்சிருக்கிறது அந்த மிச்சத்தோட பிள்ளைங்க.”

மறுநாள் பத்தனைக்குப் போனேன். எழும்புகிற முளைகளுக்கு நடுவே அங்கொன்று இங்கொன்றாகக் கறுத்த கட்டைகள் நின்றன. இழுத்தேன். வேரில்லாமல் வந்தன. இந்த ஊரிலேயே பிறந்து, கச்சானில் படுக்கத் தெரியாமல் பச்சையாக நின்றவை அவை. வருஷா வருஷம் காற்று இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, சம்பளமும் இல்லை, கங்காணியும் இல்லை. இருபத்தாறு வருஷமாக அதன் வழியே நடந்து போயிருக்கிறேன். பார்த்ததே இல்லை.

5. பெரட்டு

அக்டோபர் பிறந்துவிட்டது. இன்னும் பத்துப் பதினைந்து நாளில் மத்தியான இடிமழை தொடங்கும். வேர் பிடிக்காத மேடு, கீழே பதினொரு குடும்பம். எண்ணிப் பார்த்ததில் முப்பத்தெட்டுப் பேர்.

தொரையிடம் போய் லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்றேன். “இடப்பக்கம் செத்துருச்சுன்னு நீங்கதானே எழுதினீங்க?” என்றார். ஆமாம் என்றேன். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவிலும் பழைய ஸ்டோரிலும் தங்கவைக்கலாம், ஆட்கள் வந்தால் சரி என்றார்.

ஆட்கள் வரவில்லை. மழையே காணோம், சாமான் சட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்றார்கள். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சுப்பையா வாசலிலேயே மறித்தார்.

“ஐயா, நீங்க சொன்னீங்கன்னுதான் முனியோட புல்லப் புடுங்கினோம். பச்சை வந்தா மேடு நிக்கும்னீங்க. இப்ப நிக்காதுங்கிறீங்க. எந்தப் பேச்ச நம்புறது?”

திரும்பி வந்தேன்.

பெரட்டுக் களம் என்பது காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் எடுத்து வேலை பிரிக்கிற இடம். அங்கே உத்தியோகத்தர் ஏசுவார், ஆட்கள் கேட்பார்கள். அதுதான் வழக்கம். உத்தியோகத்தர் தன் தப்பை அங்கே சொன்னதை நான் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதும் இல்லை. சொன்னால் மறுநாளிலிருந்து ஒரு பயலும் மதிக்கமாட்டான் என்றுதான் எனக்கு வேலை பழக்கியவர்கள் சொல்லியிருந்தார்கள்.

மறுநாள் பெரட்டில் பெயர் எடுத்து முடித்ததும் சொன்னேன். “ஆறாம் லயத்து மேட்டுல நோய் இல்ல. நான்தான் தப்பா எழுதினேன். புடுங்கும்போது வேர் உசுரோட இருந்தத நீங்க எல்லாரும் பார்த்தீங்க. நானும் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் இழுக்கச் சொன்னேன். இப்ப மேட்டுல வேர் இல்ல. நான் செஞ்ச வேலைக்கு நீங்க சாகக் கூடாது. தயவு செஞ்சு லயத்த விட்டு எறங்குங்க.”

நூறு பேருக்கு மேல் களத்தில் நின்றார்கள். காது மடல் எரிந்தது. யாராவது ஏசினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

மாரியாயிதான் முதலில் அசைந்தாள். “என் காம்பராவுக்குப் பின்னாடி புல்லு இருக்கு. இருந்தாலும் நான் எறங்குறேன்” என்றாள். சுப்பையா என்னைப் பார்க்கவே இல்லை. கவ்வாத்துக் கத்தியைத் தோளில் போட்டபடி, “சாயங்காலம் லொறி குடுப்பீங்களா, அலுமாரி இருக்கு” என்றார்.

ஆறாவது நாள் மத்தியானம் மூன்று மணி போல மழை பிடித்தது. நாலரைக்கு மேடு இறங்கியது. பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஈரச் சாக்கைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். மழை விட்டபின் போய்ப் பார்த்தோம். ஒன்பது காம்பராக்களில் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு மண் உத்தரம் வரை ஏறியிருந்தது. முதல் இரண்டு காம்பராக்களுக்குப் பின்னால் மட்டும் மேடு செங்குத்தாக நின்றது. அதன் தலையில் பச்சை. அறுந்த பக்கத்தில் வெள்ளை வேர்கள் மழைநீர் சொட்டத் தொங்கின. முப்பத்தெட்டுப் பேரையும் பிள்ளைக் காம்பராவில் நிறுத்திப் பெயர் சொல்லி எடுத்தேன். எல்லாரும் இருந்தார்கள். இரண்டாம் முறையும் எடுத்தேன்.

6. இரண்டு மாதம்

வேறு இடத்தில் வீடு கட்டித்தருவதாகச் சொன்னார்கள். அது தனிக் கதை. மண்ணை அள்ளிச் சுவரை எழுப்பிக்கொண்டு சனங்கள் அதே லயத்துக்குத்தான் திரும்பினார்கள். நவம்பர் மழையில் மேடு முழுக்கப் பத்தனைப் புல் நட்டோம். சுப்பையா முனிக்கு ஒரு சேவல் அறுத்துவிட்டுத்தான் தோண்டவிட்டார். நானும் கும்பிட்டேன்.

ஜூன் வந்தது, கச்சான் ஏறியது. இந்த முறை கோடில்லை. மேடு மொத்தமும் மஞ்சளாகி, வைக்கோலாகி, படுத்தது. அதற்குக் கீழே முப்பத்தெட்டுப் பேர் சமைத்தார்கள், தூங்கினார்கள். எல்லாம் தெரிந்தபிறகும் என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. செத்தது போலத்தான் இருந்தது. ஒரே ஒரு கட்டையைக் கிளறி வேரைப் பார்த்துவிடலாம் என்று கை பரபரக்கும். கிளறினால் அந்தக் கட்டை போய்விடும். கையைப் பையில் போட்டுக்கொண்டு நிற்பேன். பிணத்துக்குக் காவல் இருக்கிறவன் மாதிரி இரண்டு மாதம் தினமும் உச்சிப்பொழுதில் போய் நின்றேன். காய்ந்த புல் காலை இழுத்து நடக்கும், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

பிள்ளைகளே, தோட்ட வேலையில் வெட்டவும் நடவும் தெளிக்கவும் சீக்கிரம் பழகிவிடலாம். நமக்கு முன்னாலிருந்தே அந்த மலையில் பிழைத்துக் கிடக்கிற ஒன்றைச் சும்மா விடுவதுதான் எனக்குக் கடைசிவரை கஷ்டமாக இருந்தது.

ஆகஸ்டில் ஒருநாள் மாரியாயி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். மேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“ஐயா, புல்லு படுத்துருக்கிறதுல எங்களுக்குப் பயமில்ல. நீங்க தெனம் வந்து இப்படி நின்னு பாக்குறீங்கல்ல, அதுலதான் புள்ளைங்க பயப்படுது. போங்க, போய் வேலையப் பாருங்க.”

போனேன்.